ஓஓடி ஊருக்குப் போன சார்

ஹுணசிகொப்பத்துக்கு வெளியூர் ஆள் யாராவது வந்து, "பள்ளிக்கூடத்து சார் எங்கே?" என்று கேட்டால், அங்கே மத்தியானச் சோறு ஆக்குகிற சங்கவ்வா அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"சார் ஓஓடி!"

அவ்வளவுதான். மேற்கொண்டு ஏதாவது கேட்டால் கரண்டியோடு வெளியே வருவாள். "சொன்னேனே, காதுல பஞ்சா வச்சிருக்கீங்க? ஓஓடி போயிருக்கார். சாயங்காலம் வந்தாலும் வருவார், வராமலும் போவார். சாருக்கு உப்புப் போடணும், ஆளை விடுங்க." எங்கள் பக்கம் ரசத்துக்குச் சாரு என்று பேர். அவள் உப்புப் போடுவது அந்தச் சாருக்கு.

ஓ.ஓ.டி. என்பது மூன்று ஆங்கில எழுத்து. வாத்தியார் பள்ளிக்கூடத்தில் இல்லை, ஆனால் சர்க்காரின் வேறு வேலையாகத்தான் போயிருக்கிறார் என்று அதற்கு அர்த்தம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற கட்டத்தில் அதை எழுதிவிட்டால் மேலே ஒருவரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. இதெல்லாம் சங்கவ்வாவுக்கு யார் சொன்னார்கள்? ஹுப்பள்ளி, கதக் மாதிரி ஓஓடியும் பஸ் போகிற ஒரு ஊர் என்றுதான் அவள் எண்ணியிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் அப்படியே நம்பின. பொடிசுகள் அதை இன்னும் சுருக்கி அவருக்கு 'ஓடி சார்' என்று பேரே வைத்துவிட்டன. எங்கள் பக்கத்துக் கன்னடத்திலும் ஓடுவது என்றால் ஓடுவதுதான். பேர் பொருத்தமாகத்தான் இருந்தது, என்ன செய்ய.

அவருடைய உண்மைப் பேர் குருபாதப்பா பணகார். ஒன்றிலிருந்து ஐந்து வரை அத்தனை வகுப்புக்கும் அந்த ஊரில் அவர் ஒருவர்தான் வாத்தியார்.

பிறந்தது கிருஷ்ணைக் கரையில். அந்த ஊர் இப்போது அணைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. அப்பாவும் அம்மாவும் வருஷா வருஷம் தீபாவளி கழிந்ததும் சாங்லி பக்கம் கரும்பு வெட்டப் போவார்கள். பையன் கூடவே போவான். கரும்புத் தோகை வேய்ந்த குடிசையில் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு, அது அழுதால் வெல்லத் தண்ணீர் கொடுத்து, நாய் வந்தால் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இப்படி மூன்று பட்டம் போயிற்று. திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது மூன்றாம் வகுப்பில் எல்லாருக்கும் மேலே அவன் தலை மட்டும் ஒட்டகம் மாதிரி தெரிந்தது.

ஒரு நாள் அங்கிருந்த வாத்தியார் பலகையில் 'ஓது' என்று எழுதி அவனை எழுப்பினார். கன்னடத்தில் ஓது என்றால் படி. ஆனால் எங்கள் எழுத்தில் த-வும் ட-வும் இரட்டைப் பிள்ளைகள், பெற்றவளே குழம்பிப் போவாள். பையன் 'ஓடு' என்று வாசித்தான். வாசித்ததோடு விட்டானா? வாத்தியார் தன்னை ஓடச் சொல்கிறார் என்று எண்ணி, வாசலைத் தாண்டி ஒரே ஓட்டமாக ஓடியும் விட்டான். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. திரும்பி வந்ததும் முதுகில் விழுந்த அடி இன்னொரு கதை.

பின்னால் அவரே வாத்தியாராகி ஹுணசிகொப்பத்துக்கு வந்ததும் அந்த அவமானத்தை எடுத்து ஒரு விளையாட்டாக்கிவிட்டார். பிள்ளைகளைப் பள்ளி முற்றத்தில் நிற்க வைப்பார். கையில் இரண்டு அட்டை. 'ஓடு' அட்டையைத் தூக்கினால் வேப்பமரம் வரை ஓட வேண்டும். 'ஓது' அட்டையைத் தூக்கினால் நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து புத்தகத்தைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தவனை மற்றவர்கள் கூவிக் கேலி செய்வார்கள். கூடவே நாக்கையும் பழக்குவார். ஓதுகிறவன் நாக்கு பல்லைத் தொட வேண்டும், ஓடுகிறவன் நாக்கு மேலே மடிய வேண்டும். ஒரு காலை நேரம் போதும். அதன் பிறகு அந்த இரண்டு எழுத்தையும் எந்தப் பிள்ளையும் ஆயுளுக்கும் குழப்பிக்கொள்ளாது.

இந்த விளையாட்டுதான் அவருக்குச் சனியனாக வந்து சேர்ந்தது.

தாலூக்காவில் வாத்தியார்களுக்குப் பயிற்சி நடத்துகிற அதிகாரி நாடகௌடர் ஒரு நாள் அரிசி மூட்டையைச் சோதிக்க ஸ்கூட்டரில் வந்தார். வந்தவர் முற்றத்தில் நடந்ததைப் பார்த்து மூட்டையை மறந்தார். தொப்பை குலுங்கத் தானும் வேப்பமரம் வரை ஓடிப் போய் மூச்சு வாங்க நின்றார்.

"பணகார்! இதை இங்கயே வச்சுப் பூட்டிக்கிட்டா எப்படிய்யா? பாவமில்லையா?"

"சின்னப் புள்ளைங்க விளையாட்டு சார்."

"எது சின்னது? உங்ககிட்ட இருக்கறது இருபது சொச்சம் புள்ளைங்க. உங்ககிட்ட இதைக் கத்துக்கிட்டு நாப்பது வாத்தியாருங்க அவங்கவங்க ஊருக்குப் போனா எத்தனை புள்ளைங்க ஆச்சு? கணக்கும் நடத்தற வாத்தியார்தானே, போட்டுப் பாருங்க."

பணகார் சார் போட்டுப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் வந்தது. அந்தக் கணக்கில் ஒரு எண் மட்டும் விட்டுப்போனது அன்றைக்கு இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

பயிற்சி என்றால் எப்படி இருக்கும் என்று வாத்தியார் வீட்டில் பெண் எடுத்தவர்களுக்குத் தெரியும். பி.ஆர்.சி. என்கிற தாலூக்கா பயிற்சிக் கட்டடத்து ஹாலில் பேனர் கட்டுவார்கள். பிரார்த்தனைப் பாட்டு, அதற்குப் பிறகு கைதட்டல் பாட்டு. கிருஷ்ணா, பீமா, மலப்பிரபா, கட்டப்பிரபா என்று ஆற்றுப் பேரில் நாலு கும்பலாகப் பிரிப்பார்கள். ஆளுக்கொரு பெரிய தாளும் கலர் பேனாவும் வரும். பின்வரிசையில் இரண்டு பேர் தூங்குவார்கள், இரண்டு பேர் போனில் இருப்பார்கள், ஒருத்தர் மத்தியான பஸ்ஸைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருப்பார். ஷீராவும் உப்பிட்டும், அதாவது கேசரியும் உப்புமாவும் வரும். பேனருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து அதை உடனே மேலே அனுப்பியாக வேண்டும். கடைசி நாள் 'அனிசிகெ' சொல்ல வேண்டும். அனிசிகெ என்றால் மனசில் பட்டது என்று பொருள். ஆனால் மனசில் என்ன பட்டாலும் வாயில், "இந்தப் பயிற்சி எங்கள் கண்ணைத் திறந்தது" என்றுதான் வர வேண்டும். இது எழுதாத சட்டம்.

அந்த ஹாலில் பணகார் சார் எழுந்தால் மட்டும் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். நாற்பது வாத்தியார்களை வெளியே நிற்க வைத்து அட்டையைத் தூக்குவார். ஓய்வு பெறப் போகிறவர்கள் எல்லாம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். டீச்சர்களை எங்கள் பக்கம் அக்கோரு என்போம். அந்த அக்கோருமார் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பொத்தென்று உட்காருவார்கள். ஹோவென்று சிரிப்பு. சும்மா சொல்லக் கூடாது, அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. வகுப்பில் தும்மினால்கூடத் திரும்பிப் பார்க்க ஆளில்லாத மனுஷனுக்கு இங்கே கைதட்டல், சால்வை, 'பணகார் சார் வந்துட்டார்' என்கிற குரல். யாருக்குத்தான் பிடிக்காது?

ஒரு பயிற்சி முடிந்தால் அடுத்தது வந்தது. வாசிப்புப் பயிற்சி, கணக்குப் பயிற்சி, மகிழ்ச்சியாகக் கற்பது எப்படி என்று ஒரு பயிற்சி, பயிற்சி கொடுப்பவர்களுக்குப் பயிற்சி என்று ஒன்று. எதுவாக இருந்தாலும் நடுவில் பணகார் சாரின் ஓது-ஓடு உண்டு. அவர் போகிற நாட்களில் பக்கத்து ஊர் வாத்தியார் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவில் இருக்கும். உத்தரவில் என்னதான் இருக்காது? அந்த வாத்தியாருக்கும் ஒரு பள்ளிக்கூடம், அதற்கும் ஒரு ஓ.ஓ.டி. ஆகவே சங்கவ்வாதான் பிள்ளைகளை உள்ளே உட்கார வைத்து, "வாய்ப்பாடு சொல்லுங்கடா, சத்தம் அடுப்பு வரைக்கும் கேக்கணும்" என்று மிரட்டிவிட்டுச் சாரைக் கிண்டப் போவாள். பிள்ளைகளும் இரண்டாம் வாய்ப்பாட்டையே சோறு வேகும் வரை சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில்தான் ஜூன் மாதம், கரும்பு வெட்டப் போகிற யமனப்பா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

லகமவ்வா என்று பேர். மூன்றாம் வகுப்பு. போன பட்டம் கரும்புக்குப் போய் வந்ததில் படித்த நாலு எழுத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். இடுப்பில் தம்பிப் பயல், அவன் எடைக்கு அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்பாள்.

"யமனப்பா, இந்த வருஷம் இவளைக் கூட்டிட்டுப் போகாதேப்பா" என்றார் சார். "உன் தம்பி வீட்டுல விட்டுட்டுப் போ."

"விட்டுட்டுப் போனா பயலை யார் பாக்கறது? நீங்க வந்து பாக்கறீங்களா?" யமனப்பா சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "சார், கோவிச்சுக்காதீங்க. மூணு வருஷமா வர்றா. ஒரு எழுத்து வரலை. படிப்பு வருதுன்னு தெரிஞ்சா நான் என் பொஞ்சாதி முதுகுல பயலைக் கட்டிவிட்டாவது இவளை விட்டுட்டுப் போவேன். வராத படிப்புக்கு எதுக்கு சார்?"

பணகார் சாருக்குச் சுருக்கென்றது. குடிசையில் தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். யமனப்பாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். பள்ளிக்கூடத்துச் சுவரில் நீலச் சாயத்தில் பெரிதாக எழுதியிருந்தது: 'ஓதி பெளெயிரி.' படித்து வளருங்கள்.

"உனக்கு வாசிக்கத் தெரியாது. நான் சொல்றேன், மனசுல வச்சுக்கோ. ஓதி பெளெயிரி. சொல்லு."

"ஓதி பெளெயிரி."

"தீபாவளி கழிஞ்சு நீ கிளம்பற அன்னிக்கு உன் மகளை இங்க நிறுத்திக் கேளு. அவ இதைத் தானே வாசிச்சா, விட்டுட்டுப் போ. வாசிக்கலைன்னா கூட்டிட்டுப் போ. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

யமனப்பா அந்த இரண்டு வார்த்தையையும் முணுமுணுத்துக்கொண்டே போனான். அன்றிலிருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் சுவரைப் பார்த்து அதை ஒரு தரம் சொல்லிக்கொள்வான் என்று சங்கவ்வா சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மாதம் முழுக்கச் சார் ஊரைவிட்டு நகரவில்லை. லகமவ்வா கற்பூரம். ர, க, ஸ, த என்று பற்றிக்கொண்டு வந்தாள். தம்பியின் முதுகில் ஈரச் சாக்கட்டியால் எழுத்து எழுதிப் பார்ப்பாள், அவன் கூச்சத்தில் நெளிந்து சிரிப்பான். மத்தியானம் சோறு போடும்போது சங்கவ்வாவைப் பிடித்துக்கொண்டு, "உன் பேர்ல முதல் எழுத்து ஸ, தெரியுமா?" என்பாள். "எனக்குத் தெரிஞ்சு என்னடி ஆகணும், தட்டை நீட்டு" என்பாள் சங்கவ்வா. ஆனால் அன்று அந்தத் தட்டில் ஒரு கரண்டி கூடவே விழும்.

'ட' எழுத்துக்கு வரும்போது முற்றத்தில் ஓது-ஓடு ஆடிக்கொள்ளலாம் என்று சார் வைத்திருந்தார். அதற்குள் ஜூலையில் உத்தரவு வந்தது. ஒரு வாரம் ஓ.ஓ.டி. அந்த வாரத்தில் அதிசயமாகப் பக்கத்து ஊர் வாத்தியார் ஒரு நாள் வந்தார். வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். பலகையில் 'ட' என்று எழுதி, பத்துத் தரம் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார். சார் திரும்பி வந்தபோது லகமவ்வாவுக்கு த-வும் ட-வும் ஒன்றாகிப் போயிருந்தன. இரண்டையும் ட என்றே வாசித்தாள்.

"பரவாயில்லை, திங்கக்கிழமை விளையாடுவோம்" என்றார். திங்கட்கிழமை மழை. அடுத்த திங்கள் ஓ.ஓ.டி. அதற்கடுத்து ஐந்தாம் வகுப்புக்குப் பரீட்சை. அப்புறம் மறுபடி உத்தரவு. இந்த விளையாட்டுக்கு முற்றமும் வேண்டும், பிள்ளைகள் எல்லாரும் வேண்டும், அவரும் வேண்டும். மூன்றும் ஒரே நாளில் சேரவே இல்லை. ஒரு காலை நேரம்தானே, எப்போது வேண்டுமானாலும் முடித்துவிடலாம் என்று அவரும் இருந்துவிட்டார்.

செப்டம்பர் பயிற்சியில்தான் பாகீரதி அக்கோரு அந்தக் கேள்வியைக் கேட்டார். மலப்பிரபா கும்பலில் கடைசியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிற அம்மாள். ஓடி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவர், ஊசியை எடுத்துக்கொண்டே சொன்னார்.

"சார், இது எனக்கு நாலாவது தடவை. நாலு தடவையும் நல்லா ஓடினேன். எனக்கு இப்ப த, ட ரெண்டும் சுத்தமா வருது."

ஹால் சிரித்தது.

"ஒரே ஒரு சந்தேகம். நீங்க இங்க எங்களை ஓட விட்டுட்டு இருக்கறப்ப, உங்க புள்ளைங்களை அங்க யார் சார் ஓட விடறாங்க?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பணகார் சார் கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். நாடகௌடர்தான் கையைத் தட்டி, "டீ வந்துடுச்சு, டீ வந்துடுச்சு" என்று எல்லாரையும் கலைத்தார்.

டீ குடிக்கிற இடத்தில் சார் நாடகௌடரைத் தனியாகப் பிடித்தார். சாரின் மனசில் ஒரு யோசனை கிடந்தது. பாகீரதி அக்கோரு அதைக் கிளறிவிட்டிருந்தார்.

"சார், இப்படிச் செஞ்சா என்ன? எல்லாரையும் இங்க இழுக்காம, ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு வாத்தியார் என் பள்ளிக்கூடத்துக்கு வரட்டும். என் புள்ளைங்க நடுவுல உக்காந்து பாக்கட்டும், அவங்களே நடத்தட்டும். தப்புன்னா சாயங்காலம் பேசிக்கலாம். அப்புறம் நான் அவங்க வகுப்புக்குப் போய் ஒரு நாள் உக்காந்து பாக்கறேன். என் புள்ளைங்களும் சும்மா கிடக்காது. அவங்களுக்கும் நிஜப் புள்ளைங்க முன்னால பழகின மாதிரி ஆச்சு."

நாடகௌடர் டீயை ஆற்றினார். கெட்ட மனுஷன் இல்லை. "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா பேனரை எங்க கட்டறது? ரெண்டு பேரை வச்சு என்ன போட்டோ எடுக்கறது? நாப்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தாச்சுன்னு நான் மேலே சொல்லணும். உங்க வகுப்புல ரெண்டு பேர் உக்காந்துட்டு வந்தாங்கன்னு சொன்னா என்னையே ஓ.ஓ.டி. போட்டுடுவாங்க."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு அவர் போய்விட்டார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடி போன் வந்தது. பெங்களூரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்களாம், ஓது-ஓடுவைப் பார்க்க வேண்டுமாம். இந்தத் தடவை பணகார் சார் நேரே பஸ் ஏறித் தாலூக்கா ஆபீசுக்கே போனார்.

"சார், இந்த ஒரு வாரம் என்னை விட்டுடுங்க. ஒரு புள்ளை இருக்கு. இந்த வாரம் நான் அங்க இல்லைன்னா கரும்புக்குப் போயிடும்."

"ஒரு புள்ளைக்காகவா?" நாடகௌடர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "பணகார், அவங்க வர்றதே உங்களுக்காகத்தான். புடிச்சுப் போச்சுன்னா மாநிலம் முழுக்கப் போகும், உங்க பேரோட. எத்தனை ஆயிரம் புள்ளைங்க, யோசிங்க. தீபாவளி கழிச்சு வந்து அந்தப் புள்ளைக்குச் சொல்லிக் குடுங்களேன், எங்க ஓடிடப் போகுது?"

அந்த இடத்தில் அவர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். உயிரா போய்விடும்? வாய் வரை வந்தது. ஆனால் 'உங்க பேரோட' என்ற வார்த்தை காதுக்குள் நின்றுகொண்டது. கிருஷ்ணைக்குள் முழுகிப் போன ஊரில் பிறந்தவனுடைய பேர் மாநிலம் முழுக்கப் போகப் போகிறது. தீபாவளி கழிந்து, யமனப்பா கிளம்புவதற்குள் ஒரு காலை நேரம் கிடைக்காமலா போய்விடும் என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு போனார்.

பெரியவர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். கை தட்டினார்கள். கிளம்பும்போது ஒருவர், "வெரி நைஸ்" என்றார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சும் எங்கும் கேட்கவில்லை. சாருக்கு இன்னொரு சால்வை கிடைத்தது. வீட்டில் அவர் மனைவி அதை மற்ற சால்வைகளோடு பீரோவில் வைத்தாள்.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற நாள் முதல் பஸ்ஸிலேயே அட்டைகளோடு வந்து இறங்கினார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் டிராக்டர் நின்றது. பின்னால் பெட்டியில் பாத்திர மூட்டை, கோழிக் கூடை, சுருட்டிய கம்பளி, மேலே பெண்களும் பிள்ளைகளும். கரும்புக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏறுங்க, ஏறுங்க, வெயில் ஏறிடும்" என்று கத்திக்கொண்டிருந்தான்.

யமனப்பா மட்டும் ஏறவில்லை. சுவருக்கு முன்னால் மகளை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். சாரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா சார்! நீங்க இல்லாம கேக்க மனசு வரலை." புதுச் சட்டை போட்டிருந்தான். மகளின் தோளில் கை வைத்தான். "லகமி, சார் வந்துட்டார் பாரு. வாசி."

லகமவ்வாவின் இடுப்பில் தம்பி இல்லை. அவனை அம்மா மேலே வாங்கி வைத்திருந்தாள். ஒரு பக்கம் சாயாமல் நேராக நின்றாள். அப்படி அவளைப் பார்த்தது சாருக்கு அதுதான் முதல் தடவை.

"ஒரு நிமிஷம் யமனப்பா..." என்றார் சார்.

அதற்குள் அவள் வாசித்துவிட்டாள். பயமே இல்லை. குரலை உயர்த்தி, எழுத்தெழுத்தாக விரலை நீட்டி, டிராக்டரில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"ஓ... டி... பெ... ளெ... யி... ரி. ஓடி பெளெயிரி!"

ஓடி வளருங்கள். முகமெல்லாம் சந்தோஷமாகத் திரும்பினாள். "நம்ம சார் பேருப்பா! சுவத்துல சார் பேரு எழுதியிருக்கு!"

மேஸ்திரி கெக்கெக்கே என்று சிரித்தான். யமனப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஜூனிலிருந்து தினமும் சொல்லி வைத்திருந்த இரண்டு வார்த்தை தெரியும். அவன் உதடு அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்தது. சாரின் முகத்தைப் பார்த்தான். ஆமாம் சரிதான் என்று சார் சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பான். சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏறும்மா" என்றான் யமனப்பா.

அவள் எங்கே தப்பு என்று தெரியாமல் விழித்துக்கொண்டு ஏறினாள். சார் ஓடினார். டிராக்டர் பெட்டியின் பக்கத்தகட்டில் சாக்கட்டியால் இரண்டையும் எழுதினார். ஓதி. ஓடி. "லகமி, இங்க பாரு. இது ஓதி. நாக்கு பல்லுல. இது ஓடி. நாக்கு மேல. அது புஸ்தகம், இது காலு. சொல்லு." அவள் மேலிருந்து குனிந்து பார்த்தாள். நாக்கைப் பல்லில் வைத்தாள், மடித்தாள். அட்டைகளை மாற்றி மாற்றித் தூக்கிக் காட்டினார். ஓதி. ஓடி. ஓடி. ஓதி. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவளே நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். "ஐயோ, அது ஓதி! ஓதி பெளெயிரி!" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மேஸ்திரி பற்ற வைத்த பீடி இன்னும் பாதிகூடக் கரையவில்லை.

"யமனப்பா! வாசிச்சுட்டா! கேட்டியா, வாசிச்சுட்டா!" சார் கத்தியே விட்டார்.

யமனப்பா கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆனால் பெட்டியின் கதவுக் கொக்கியை மாட்டிவிட்டிருந்தான்.

"மேஸ்திரிகிட்ட பேரு குடுத்தாச்சு சார். பயலைப் பாக்க இவதான்னு நேத்து ராத்திரியே பேசி முடிச்சு, என் பொஞ்சாதிக்கும் வெட்டற ஆளுன்னு ஒரு அரிவாள் எழுதியாச்சு. காலையில நீங்க வர்ற வரைக்கும் ஒரு ஆசை, அவ்வளவுதான்." பிறகு ஒரு குத்தலும் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் கேட்டான். "இவ்வளவு சுளுவா சொல்லித் தர்றீங்களே, இத்தனை நாளு எங்க சார் போயிருந்தீங்க?"

அதற்குள் டிராக்டர் கிளம்பிவிட்டது. பெட்டியின் தகட்டில் அவர் எழுதிய இரண்டு வார்த்தையும் வேப்பமரத்தைத் தாண்டி, கல் குவாரியைத் தாண்டி, சாங்லி சாலையில் ஏறிப் போயின.

மறுநாள் காலை அவர் பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிட்டார். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து, "வந்திருக்கேன் சார்" என்றது. மூன்றாம் வகுப்புக்கு வந்தார். பழக்கத்தில் அந்தப் பேரையும் கூப்பிட்டுவிட்டார்.

"லகமவ்வா யமனப்பா."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஓஓடி, சார்!"